முதுகோடு முதுகாக உட்கார்ந்து வாசிக்க ஒரு கதை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறி, வெந்து, தானாகப் பொங்கி வந்ததல்ல. ஆர்டர் கொடுத்து வாங்கியது. ஆசிரியர்களின் பேசும் திறனையும் கேட்கும் திறனையும் வளர்க்க ஒரு பயிற்சிக் கையேடு தயாராகிறதாம். அதில் 'கேட்டல்' என்ற பாடத்துக்கு ஒரு கதை தேவைப்பட்டது. மற்ற எழுத்தாளர்கள் யாரும் போனை எடுக்கவில்லை போலிருக்கிறது. நான் எடுத்துத் தொலைத்தேன்.

பேசியவர் கையேட்டுக் குழுவில் இருக்கும் ஓர் அம்மாள். இனி அவரைக் கையேட்டம்மாள் என்றே சொல்வேன். அதற்காக அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்ள இந்தக் கதையில் வேறு நிறைய இருக்கிறது. கதையை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். இரண்டு ஆசிரியர்கள் நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு உட்கார வேண்டும். ஒருவர் சத்தமாக வாசிப்பார். மற்றவர் முகம் பார்க்காமல், குறிப்பு எடுக்காமல், வெறும் காதை வைத்துக்கொண்டு கேட்பார். கடைசியில் கேள்விகள்.

"கதை கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும் சார்," என்றார். "முடிவுல டீச்சர்கிட்ட ஒரு மாற்றம் தெரியணும். ரொம்ப அழ வெச்சிடாதீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற வகுப்பு இது."

சரி என்றேன். சரி என்று சொல்வதில் எனக்கு எப்போதும் கஷ்டம் இருந்ததில்லை. எழுத உட்காரும்போதுதான் வம்பு.

ஆகவே, இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் ஆசிரியரே, உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். (தனியாகப் படிப்பவராக இருந்தால் பின்னால் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பயமாக இருக்கும். இருக்கட்டும்.)

2

தொடக்கம்.

*மணி அடித்தது. பிள்ளைகள் திபுதிபுவென்று*

வேண்டாம். பள்ளிக்கூடக் கதையை மணியடித்துத் தொடங்குவது வெட்கக்கேடு.

*கேட்பதில்தான் அன்பு தொடங்குகிறது என்று அந்த ஆசிரியை நம்பி*

சீ.

*அந்தப் பள்ளியிலேயே, யார் என்ன சொன்னாலும் முழுசாகக் கேட்பவர் என்று பெயரெடுத்த ஆசிரியைக்குக் காது கேட்காது.*

இது நிற்கும். இருக்கிற ஒரே துருப்பை முதல் ஆட்டத்திலேயே இறக்கிவிட்டேனே என்று நீங்கள் நினைக்கலாம். அவள் அதை ஒளித்து வைத்திருக்கிறாள், அது போதும். நாமும் சேர்ந்து ஒளிக்க வேண்டாம்.

(ஒரு சின்ன விவகாரம்: ஆசிரியையை 'அவர்' என்பதா 'அவள்' என்பதா? கையேட்டில் 'அவர்' என்றுதான் அச்சிடுவார்கள். ஆனால் நான் இந்தக் கதை முழுக்க அவள் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன். அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு 'அவர்' என்றால் பொய்யாக இருக்கிறது. பள்ளிக்கு அவர், என் தாளில் அவள்.)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காதை வைத்து நம்மிடம் சொலவடைகளுக்குப் பஞ்சமே இல்லை. காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிப்போம், காதில் பூச்சுற்றுவோம், இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவோம். சங்கை வைத்து ஒரு பழமொழி இருக்கிறது, உங்களுக்கும் நாக்கு நுனியில் நிற்கும். அதை இந்தக் கதையில் எழுதுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். அதைச் சொல்லிச் சிரிக்கிற எவரும் ஊதுபவனின் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

3

ஆசிரியர் அறையில் அவளுக்குக் 'கிணறு' என்று பட்டப்பெயர். வைத்தது கணக்கு டீச்சர். எதைப் போட்டாலும் வெளியே வராதாம். மாமியார் தொல்லை, சம்பந்தி வீட்டுச் சண்டை, தலைமையாசிரியை மேல் இருக்கிற கடுப்பு, எல்லாவற்றையும் அவளிடம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் போனதே கிடையாது. பாதி அவளுக்கே வந்து சேரவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

முதலில் போனது மெல்லிய குரல்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துக் கோபப்பட்டாள். பிறகு மழை பெய்வது தெரியாமல் போயிற்று. ஜன்னலைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். டாக்டர் நரம்பு என்றார், திரும்பாது என்றார், மெஷின் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம் என்றார். அவள் மெஷின் வாங்கவில்லை. காது முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற உறுப்பு, எதை மாட்டினாலும் ஊருக்கே தெரியும்.

தெரிந்தால் என்ன என்று கேட்பீர்கள். அந்தப் பள்ளியில் ஒரு பாட்டு வாத்தியார் இருந்தார். தொண்டையில் ஏதோ வந்து குரல் போயிற்று. நிர்வாகம் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை, மிகுந்த மரியாதையோடு ஸ்டோர் ரூமுக்கு மாற்றியது. இன்றைக்கும் அங்கேதான் சாக்பீஸும் டஸ்டரும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு அவர் ஒரு காலத்தில் பாடியவர் என்பதே தெரியாது. அவளும் சாக்பீஸ் வாங்கப் போவாள். அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். வகுப்பில் நிற்காத ஒரு நாள் அவளுக்கு நாளே இல்லை. எனக்கு வேறெதுவும் தெரியாது என்று சொல்கிற ரகம் அவள்; சொல்வது உண்மையும்கூட.

ஆகவே உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். தமிழை உதட்டில் படிப்பது சாதாரணப் பாடு இல்லை. கண்ணாடி முன்னால் நின்று 'அம்மா' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், பிறகு 'அப்பா' என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே வாய். ஒரு பையன் லீவு கேட்டு வந்து அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோது, அம்மாவை நல்லாப் பாத்துக்கோ என்று சொல்லி அனுப்பினாள். பையனும் தலையை ஆட்டிவிட்டுப் போனான். டீச்சர் சொன்னால் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

வகுப்பில் பேசும் பிள்ளை எழுந்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னல் பக்கம் திரும்பி, நிமிர்ந்து, வாயைத் திறந்து பேச வேண்டும். இது அவள் சட்டம். அவள் பிழைப்புக்காகப் போட்ட சட்டம்தான். ஆனால் பேச்சுப் போட்டிக்குப் போனால் அவள் வகுப்புப் பிள்ளைகள்தான் பரிசு வாங்கி வந்தார்கள்.

இதற்கும் பிடிபடாமல் போகும் இடங்களில் அவள் தலையாட்டினாள். 'அப்படியா', 'பாவம்', 'பாத்துக்கலாம்', 'நீ சொல்றதும் சரிதான்', எல்லாவற்றுக்கும் அவளிடம் தனித்தனித் தலையாட்டல் இருந்தது. ஒரு நாளும் வாயில் வராத வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: என்ன சொன்னீங்க? நல்ல காது உள்ளவர்கள் இதை நாள் முழுக்கக் கூச்சமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு அது ஆபத்து. ஒரு தடவை கேட்டால் அடுத்த தடவையும் கேட்க வேண்டிவரும், பிறகு ஸ்டோர் ரூம்தான்.

4

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். சட்டைக் காலரில் மைக் செருகிய இளைஞர். *கேட்பது காதின் வேலை, செவிமடுப்பது மனதின் வேலை* என்று திரையில் போட்டார். (கையேட்டம்மாளே, இது உங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலும் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.) அவர் ஓர் இடத்தில் நின்று பேசுகிற ஆள் இல்லை. அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவர் வாயைத் தவறவிடக் கூடாதே என்று அவளும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அதைக் கவனித்துவிட்டார். இந்த மேடத்தைப் பாருங்கள், நான் எந்த மூலைக்குப் போனாலும் பார்வை என்மேலேயே இருக்கிறது, கேட்பது என்றால் இப்படிக் கேட்க வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் மட்டும் அவளுக்கு லேசாகக் கேட்டது.

அடுத்து நாற்காலிகளைத் திருப்பச் சொன்னார். முதுகோடு முதுகு. ஒருவர் கையில் படம் போட்ட அட்டை; அவர் படத்தை விவரிப்பார், மற்றவர் காதால் கேட்டு வரைய வேண்டும்.

அவளுக்குப் பார்க்க வாயே இல்லாமல் போயிற்று. பின்னால் கணக்கு டீச்சர். ஏற்கனவே முனகுகிற குரல். அந்தக் குரலிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. எழுந்து தலைவலி என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். பென்சிலைப் பிடித்தபடி யோசித்தாள். இத்தனை வருஷமாக எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறாள். அட்டையில் என்ன படம் இருக்கும்? ஒரு வீடு இருக்கும். பக்கத்தில் ஒரு மரம். பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன். வேறென்ன இருந்துவிடப் போகிறது?

வரைந்தாள். திரும்பி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீடு, மரம், மலை, சூரியன். ஒரு பறவை மட்டும் குறைந்தது.

[அடிக்குறிப்பு: கையேட்டம்மாள் இந்த இடத்தை எடுத்துவிடச் சொன்னார். பயிற்சியைக் கிண்டல் செய்வதாக இருக்கிறதாம். கிண்டல்தான். எடுக்க மாட்டேன்.]

பயிற்சியின் கடைசியில் எல்லோருக்கும் வட்டமான மஞ்சள் வில்லை ஒன்று தந்தார்கள். அதில் 'நான் கேட்கிறேன்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. முதல் வில்லையை அவளுக்குத்தான் குத்தினார்கள். அடுத்த பயிற்சியில் மற்றவர்களுக்கு அவளே சொல்லித்தர வேண்டும் என்று தலைமையாசிரியை அறிவித்தார். அவள் தலையாட்டினாள். இந்த முறை எல்லாம் புரிந்துதான் ஆட்டினாள்.

5

இனி வருவது சிரிக்கிற இடம் இல்லை. வாசிப்பவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

அவள் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். வாய்க்குள்ளேயே பேசுவாள் என்பதால் மற்றப் பிள்ளைகள் 'முணுமுணு' என்று கூப்பிட்டார்கள். டீச்சரின் சட்டம் செல்லுபடியாகாத ஒரே பிள்ளை. நிமிர்ந்து பேசும்மா என்றால் இன்னும் குனியும்.

பயிற்சி முடிந்த மறுநாள் மாலை. பள்ளி விட்டாயிற்று. வெளியே வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. டீச்சர் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பினால் பின்னால் முணுமுணு நிற்கிறது. எவ்வளவு நேரமாக நின்றதோ, எத்தனை தடவை கூப்பிட்டதோ, தெரியாது.

சிறுமி அவள் கண்ணைப் பார்க்கவில்லை. நெஞ்சில் குத்தியிருந்த வில்லையைப் பார்த்தாள். எழுத்துக்கூட்டுவது போல உற்றுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தரையிடம் பேசத் தொடங்கினாள்.

டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் நடுவகிடு மட்டும். தோள் ஏறி இறங்குவதிலிருந்து பேசுகிறாள் என்று தெரிந்தது. டீச்சர் குனிந்து பார்த்தாள். சிறுமி இன்னும் குனிந்தாள். ஒரே ஒரு தடவை வாய் தெரிந்தது: கீழுதடு மேல்பல்லில் பட்டு விலகியது. 'வே'. வேன்.

வேன். சாயங்காலம். பை தோளில் இருக்கிறது. டீச்சருக்குச் சட்டென்று எல்லாம் பொருந்தியது. நேரமாச்சு, போகட்டுமா என்று கேட்கிறது பிள்ளை, பாவம். அதற்கு இவ்வளவு தயக்கமா?

"சரிம்மா," என்றாள், தோளைத் தட்டி. "சீக்கிரம் போ, வேன் போயிடப் போகுது."

சிறுமி இன்னொரு தடவை வில்லையைப் பார்த்தாள். பிறகு போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வேன்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், சிறுமி ஏறினாள். இந்தப் பிள்ளையையும் பேச வைத்துவிட்டோமே என்று டீச்சருக்குச் சந்தோஷமாக இருந்தது. கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

6

பின்னால் இருக்கும் இணையர் இப்போது கேட்க வேண்டும்: சிறுமி என்னதான் சொன்னாள்?

நான் டீச்சரின் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே வந்து விழுந்தது இவ்வளவுதான்:

*............................ வேன் ............................*

எழுதுகிறவனுக்கு என்ன தடை, சிறுமியின் பக்கம் தாவிப் போய்க் கேட்டு எழுதலாமே என்பீர்கள். போனேன். *மிஸ், வேன்ல எல்லாரும் இறங்கினதுக்கு அப்புறம்* என்று ஒரு தாளில் எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அந்தப் பிள்ளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தடவை சொல்லியாயிற்று. என் கதைக்காக இன்னொரு தடவை சொல்லச் சொல்வது அநியாயம். அதனால் தாளை மடித்து வைத்துவிட்டு டீச்சரிடமே திரும்பி வந்தேன். அவளுக்கு எப்போது தெரியவந்ததோ அப்போது உங்களுக்கும் தெரியட்டும்.

மறுநாள் சிறுமி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வகுப்பில் காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு பிற்பகலில் அவள் அம்மா பள்ளிக்கு வந்தாள். சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவள், வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், முன்கையெல்லாம் இஸ்திரிச் சூட்டுத் தழும்பு. தலைமையாசிரியையின் அறையில் வெகுநேரம் இருந்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு டீச்சரை அழைத்தார்கள்.

தலைமையாசிரியை நேராக முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுகிற ஆள். டீச்சருக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. அன்றைக்கு மட்டும் தப்பியிருக்கலாம்.

வேன்காரர் மற்றப் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு இவளை மட்டும் கடைசியாக வைத்துக்கொண்டு சுற்றுகிறாராம். வெகுநாளாக. அம்மாவிடம் சொல்லப் பயம். வில்லையைப் பார்த்துவிட்டு, இந்த மிஸ்ஸிடம் சொல்லலாம் என்று நினைத்துச் சிறுமி வந்து சொல்லியிருக்கிறாள். சொன்னது இது:

"என்னை அந்த வேன்ல அனுப்பாதீங்க மிஸ். அம்மாவுக்கு போன் பண்ணுங்க மிஸ்."

அதற்கு மிஸ் என்ன சொன்னாள் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று மாலை வேனில் நடந்ததை நான் எழுத மாட்டேன். நடந்தது.

வேன்காரரைக் கேட்டாயிற்றாம். ஒருநாள் அதட்டியதற்காகப் பிள்ளை கதை கட்டுகிறது என்கிறாராம். கண்ணால் பார்த்த சாட்சி கிடையாது. சிறுமி முன்கூட்டியே யாரிடமாவது சொன்னாள் என்றால் அது டீச்சரிடம் மட்டும்தான். டீச்சர் ஆமாம் என்றால் புகார் நிற்கும், போலீசுக்குப் போகும். இல்லை என்றால், இதிலேயே பொய் சொன்ன பிள்ளை எல்லாவற்றிலும் பொய்தான் சொல்லியிருக்கும் என்று முடிந்துவிடும்.

"நாளைக்கு எல்லாரையும் உக்கார வெச்சு உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேப்பேன்," என்றார் தலைமையாசிரியை. "நல்லா யோசிச்சுட்டு வாங்க. இதுல நம்ம பள்ளிக்கூடத்துப் பேரும் இருக்கு."

7

அவள் கணவன் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். இந்த உலகத்தில் அவள் காது விஷயம் தெரிந்த ஒரே ஆள். அவளோடு பேசுவதற்கு முன்னால் விளக்கைப் போட்டு, எதிரே வந்து உட்கார்ந்து, மெதுவாக வாயைத் திறந்து பேசுவான். நல்ல மனுஷன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து அவன் பேசப்போகிறான்.

அவள் அழுது முடிக்கும்வரை இருந்தான். பிறகு அவள் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"அந்தப் பொண்ணு சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

இல்லை என்றாள்.

"அப்ப 'எங்கிட்ட ஒண்ணும் சொல்லல'ன்னு நீ சொன்னா, அது எப்படிப் பொய் ஆகும்?"

இந்த வரியை எழுதிவிட்டு நான் பேனாவை மூடிவைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவர்கள் இருவரும் அதே விளக்கின் கீழ் அப்படியே இருந்தார்கள்.

நிமிர்ந்து பேசு, நிமிர்ந்து பேசு என்று அந்தச் சனியனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று ஒரு கணம் அவளுக்குச் சிறுமியின் மேலேயே ஆத்திரம் வந்தது. வந்த வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அவ சொன்னா," என்றாள் கடைசியில். "எனக்குக் கேக்கல. ரெண்டும் ஒண்ணு இல்ல."

அதைச் சொன்னால் உன்னை எங்கே உட்கார வைப்பார்கள் என்று தெரியுமா என்றான். தெரியும் என்றாள். அவன் எழுந்து போய் அவளுக்குத் தெரியாதபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ சொன்னான். என்ன சொன்னானோ.

காலையில் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். எனக்குக் காது கேக்காது. இவ்வளவுதான் வாக்கியம். பிறருக்கு எவ்வளவு சத்தமாகப் போய்ச் சேரும் என்று தெரியாமல் கத்தினாள், பிறகு முனகினாள். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவளுக்கு இந்த ஒரு வாக்கியம் நாக்கில் ஏறவில்லை. எத்தனையோ தடவைக்குப் பிறகு ஏறியது. பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு போனாள்.

8

முடிவுகள். முதல் முடிவு, கையேட்டுக்கு:

*"எனக்குக் காது கேட்காது," என்றாள் அவள். அறை அமைதியானது. தலைமையாசிரியை எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் எழுந்து நின்று கை*

இதைப் போனில் வாசித்துக் காட்டினேன். கையேட்டம்மாளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குக் குமட்டியது.

இரண்டாவது முடிவில் அவள் கணவன் சொன்னபடியே சொல்லிவிட்டாள். எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. வேலை நிலைத்தது, அடுத்த பயிற்சியை அவளே நடத்தினாள். முழுசாக எழுதினேன். ஒரு தடங்கலும் இல்லாமல், தெரிந்த மனிதர்களைப் பற்றி எழுதுவது போல, அவ்வளவு சுலபமாக வந்தது. பயந்து கிழித்துப் போட்டேன்.

நான் எழுதியதில் மிச்சம் இருப்பது இது.

தலைமையாசிரியையின் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை, இந்தப் பக்கம் சிறுமியின் அம்மா, அவளை ஒட்டிக்கொண்டு குனிந்த தலையோடு சிறுமி. கதவோரத்தில் வேன்காரர், சாவி வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டு. டீச்சருக்கு வெளிச்சமான இடமாகத்தான் கிடைத்தது. வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. கேள்வி வர வேண்டியதுதான் பாக்கி.

தலைமையாசிரியைக்கு அன்று ஜலதோஷம். அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னார், வேன்காரரைப் பார்த்து ஏதோ சொன்னார், பிறகு கைக்குட்டையை மூக்கிலும் வாயிலும் பொத்திக்கொண்டு டீச்சரைப் பார்த்துக் கேட்டார்.

புருவம் உயர்ந்தது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கேள்வி வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

கழுத்து, அவளைக் கேட்காமலேயே, ஆமாம் என்று அசைந்தது.

(கைக்குட்டையை அங்கே வைத்தது நான்தான். ஜலதோஷமும் என் கைங்கரியம்தான். எந்தப் பக்கம் முடிப்பது என்று தெரியாத கையாலாகாத்தனத்தில் செய்தேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், அவளை வேண்டாம்.)

தலைமையாசிரியை கேட்டது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்:

*இந்தப் பொண்ணு உங்ககிட்ட வந்து சொன்னாளா டீச்சர்?*

*இந்தப் பொண்ணு சொல்றது பொய்தானே டீச்சர்?*

எந்தக் கேள்விக்கு ஆமாம் போட்டோம் என்று டீச்சர் முகங்களில் தேடினாள். தலைமையாசிரியை கைக்குட்டையை எடுக்காமல் குனிந்து எழுதத் தொடங்கியிருந்தார். வேன்காரரின் விரலில் சாவி நின்றுவிட்டது. பயந்தவனும் நிறுத்துவான், பிழைத்தவனும் நிறுத்துவான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது சிறுமி தலையை நிமிர்த்தினாள். நல்ல வெளிச்சத்தில், நேருக்கு நேராக, டீச்சர் இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தபடியே நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். முதல் முறையாக அந்த வாய் டீச்சருக்கு முழுசாகத் தெரிந்தது.

வாய் மூடியே இருந்தது.

9

டீச்சர் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறாள். என்ன கேட்டீங்க என்று இப்போதும் கேட்கலாம். நான் அவளைக் கேட்க வைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. என் வேலை இதோடு முடிந்தது.

கையேட்டம்மாள் கேள்விகள் கட்டாயம் வேண்டும் என்றார். ஒன்றுதான் இருக்கிறது.

தலைமையாசிரியை கேட்டது என்ன? மேலே உள்ள இரண்டு வரிகளில் ஒன்றை, வாசிப்பவர் தேர்ந்தெடுத்து, திரும்பிப் பார்க்காமல், இணையருக்குச் சத்தமாக வாசிக்கவும். நீங்கள் எதை வாசிக்கிறீர்களோ அதுதான் அந்த அறையில் கேட்கப்பட்ட கேள்வி. டீச்சர் ஏற்கனவே தலையாட்டியாயிற்று, ஆகவே யோசித்து வாசிக்கவும்.

வாசித்த பிறகு, என்ன கேட்டது என்று இணையரைத் திருப்பிச் சொல்லச் சொல்லவும். அவர் தலையாட்டினால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சத்தம் எதுவும் வரவில்லை என்றால், பயிற்சி விதி கிடக்கட்டும், எழுந்து உங்கள் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்.